கிளட்ச் மிதிக்கும் கால்

உ

என் தங்கத்துக்கு,

அப்பாவின் காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார். திருக்கோகர்ணத்து அம்மன் புண்ணியம். உன் புண்ணியமும்தான்.

நம் சரக்கு வண்டியின் டீசல் நோட்டை நீ கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், ஏற்றிய பாரம், போன ஊர் என்று நானாகக் கோடு போட்டு எழுதிவந்தது. இன்ஜின் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் கணக்காக மாற்றிப் பார்க்கும் உன் ஆபீஸ் வேலைக்கு அது உதவுமென்று நான் கண்டேனா?

நீ போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "இன்ஜின் கெட்டிருந்தா எல்லா ரோட்லயும் டீசல் குடிக்கும்மா. கறம்பக்குடி கடைத்தெருவுல நின்னு நின்னு போற நாள்ல மட்டுந்தான் குடிக்குது. அப்பா கியர் மாத்தாம ஓட்டுறாரு. கிளட்ச் மிதிக்கிற இடது காலைப் பாரும்மா."

காட்டச் சொன்னேன். "ஒண்ணுமில்லடி, செருப்புக் கடி" என்றார். உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவு புண். சர்க்கரையில் கால் மரத்து, கிளட்ச் பிடிபடாமல் ஓட்டியிருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேற்று நோட்டைப் புரட்டியபடி, "சென்னையில ஒக்காந்துக்கிட்டு என் காலு எப்புடிடி தெரிஞ்சுச்சு அவளுக்கு?" என்றார். உன் கல்யாணத்துக்குப் பிறகு, இந்த இரண்டு வருஷமாக, உன் பேச்சையே எடுக்காத மனுஷன்.

பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வண்டிய ஒருக்கா நேர்ல வந்து பாக்கச் சொல்லு. ஆமா, மாப்புளைக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியுமா?"

மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். இரண்டு காதாலும் கேட்டேன்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா