பனிச்சறுக்குப் படிவம்

அன்புள்ள அப்பா,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம். விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

மார்ச்சில் பள்ளியிலிருந்து கொலராடோ மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போகிறோம். படிவம் நிரப்பும்போது அறைத்தோழி பிரின், "ஏய் ஃப்ளோரிடா, நீ சின்னப் பசங்க சரிவுலதானே உருளப் போற?" என்றாள். இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; பனியே விழாத நம் ஊரின் பெயர்தான். வீம்பில், 'நன்றாகத் தெரியும்' என்று குறித்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் காலைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பூட்டை இறுக்குவார்களாம்; நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ரொம்ப இறுக்கமாக. விழுந்தால் பலகை கழலாது, கால்தான் முறியும் என்று இன்றுதான் தெரிந்தது.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கம்பளிக் காலுறையோடு திருப்பி அனுப்புங்கள். கையெழுத்திடும் முன், 'நன்றாகத் தெரியும்' என்பதை அடித்துவிட்டு 'புதியவள்' என்று நீங்களே எழுதிவிடுங்கள். பிரின் கேட்டால், "எங்கப்பா சரியான பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிக்கொள்கிறேன். கோபிக்காதீர்கள்.

யாரோ விளக்கைப் போடுகிறார்கள்.

டெஸ்ஸா