நான் கையெழுத்துப் போடவில்லை, நானா

தோஹா
2025 ஓகஸ்ட் 8

என் உயிருக்குயிரான தங்கச்சி பர்ஹானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் இந்த விஷயத்தை எடுத்தாலே இரண்டு பேரும் சத்தம் போட்டுவிடுகிறோம். அதனால் எழுதி, ஊருக்கு வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என் கூட்டாளி முஹைதீனும் நானும் கண்டியில் தொடங்கவிருக்கும் ஹார்ட்வெயார் கடைக்குக் கடன் தர வங்கி சம்மதித்துவிட்டது. உன் கெலிஓயா வீட்டை ஈடு கேட்கிறார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருப்பதால் நீ போய் ஒரு பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். இன்னும் எத்தனை காலம் இந்த வெயிலில் அடுத்தவனுக்கு வேலை செய்வது? மறுக்காதே.

உன் நானா,
ஸிபான்


கெலிஓயா
2025 ஓகஸ்ட் 21

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தோடு அனுப்பிய பேரீச்சம்பழம் கிடைத்தது. சின்னவள் ஒரே நாளில் பாதியை முடித்துவிட்டாள்.

நேற்று இவரோடு வங்கிக்குப் போனேன். கடன் பகுதியில் கிருஷாந்தன் என்றொரு அதிகாரி. மரியாதையான பிள்ளைதான். ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். எல்லாம் ஆங்கிலம்.

"தமிழ்ல தாங்க, வாசிச்சிட்டுப் போடுறேன்" என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க அக்கா. வாசிக்கத் தொடங்கினா இன்னைக்கு முடியாதுங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் மத்திய வங்கியின் ஒழுங்குவிதி பற்றிய அறிவித்தல். சிங்களமோ தமிழோ ஆங்கிலமோ, வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் ஒப்பந்தத்தைத் தர வேண்டும் என்று போட்டிருந்தது. விரலை நீட்டிக் காட்டினேன். "அதையும் நீங்கதானே மாட்டியிருக்கீங்க?"

முகாமையாளர் எழும்பி வந்தார். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். கூட வந்த இவருக்கு ஒரே வெட்கம். "நானா சொன்னா போட்டுட்டு வா" என்று காதுக்குள் சொன்னார். நான் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டேன். தமிழ்ப் பிரதி வரட்டும், பார்ப்போம்.

உங்கள் தங்கச்சி,
பர்ஹானா


தோஹா
2025 செப்டெம்பர் 3

பர்ஹானா,

முகாமையாளர் எனக்குப் போன் எடுத்தார். அந்த மனுஷனுக்கு முன்னால் என்னைச் சிறுமைப்படுத்திவிட்டாய். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் என் வியர்வை. உன் கல்யாணத்துக்காக என் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவன் நான். அப்போது எந்த மொழியில் எழுதித் தா என்று கேட்டாய்?

போடாவிட்டால் எனக்குத் தங்கச்சி இல்லை.

ஸிபான்


கெலிஓயா
2025 செப்டெம்பர் 19

அன்புள்ள நானாவுக்கு,

தங்கச்சி இல்லை என்று நீங்கள் எழுதலாம். எனக்கு நானா நீங்கள்தான்.

தமிழ்ப் பிரதி வந்தது. வாசித்தேன். அதில் நான் பிணையாள் இல்லை. உங்களோடு சேர்ந்து கடன் வாங்குபவள். கடை நொடித்தால் முழுக் கடனும் என் தலையில். தவணை தவறினால் வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து, வழக்குப் போடாமலே வீட்டை ஏலத்தில் விற்கலாம். இது உண்மையா என்று கிருஷாந்தனிடம் போய்க் கேட்டேன்.

"சட்டம் அப்படித்தாங்க அக்கா. கோர்ட்டுக்குப் போகத் தேவையில்ல."

"நீங்களா இருந்தா போடுவீங்களா?"

அவர் குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

வங்கியை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. எனக்கு என் கை இருக்கிறது. அந்தக் கை கையெழுத்துப் போடாது.

நீங்கள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. அதனால் வீட்டை உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறேன். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் பேசிவிட்டேன். பிறகு உங்கள் வீட்டை நீங்களே ஈடு வையுங்கள். நாங்கள் மடவளையில் இரண்டு அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். இவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமா கட்டிய வீடு மாமாவுக்கே போகிறது என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். தெருவுக்கு வந்தாலும் வருவோம். ஆனால் அது என் கையெழுத்தால் நடக்கக் கூடாது.

எந்த நாள் வசதி என்று எழுதுங்கள்.

பர்ஹானா


தோஹா
2025 ஒக்டோபர் 6

பர்ஹானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நொத்தாரிசிடம் போகாதே.

தமிழ்ப் பிரதியைப் படம் எடுத்து மச்சான் அனுப்பியிருந்தார். வங்கியில் என்னிடமும் பிணை என்றுதான் சொல்லியிருந்தார்கள். முஹைதீனைக் கூப்பிட்டு, "உன் வீட்டையும் சேர்த்து வைப்போமா?" என்று கேட்டேன். அவன் மனைவிக்கு அதில் விருப்பமில்லையாம். கடையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே வேலை ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகும்போது போகட்டும். அதுவரை போன் எடுக்காதே.

ரமழானுக்கு வருகிறேன். மேல் அறையைக் கூட்டி வை. உன் வீட்டில்தான் தங்குவேன்.

நானா