நெளிந்த நட்சத்திரங்கள்

உன் மகள் நேற்று தொலைநோக்கியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். அதன் முக்காலியை விரித்தேன். ஒரு காலில் மட்டும் உன் தைல வாடை அடித்தது.

வானம் திறந்து கிடப்பது புக்கிட் காத்தில் ஊரில் உன் வீட்டுப் பின்பக்கம் என்பதால் கருவி உன்னிடம் இருந்தது. கணினி வேலை அலோர் காஜாவில் என்னிடம். கைப்பேசியில் தட்டினால் தொலைநோக்கியே நெபுலா என்கிற விண்மேகத்தைத் தேடிப் பிடித்து, பத்து விநாடிக்கு ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டே போகும். நீ அனுப்புவாய். நல்லவற்றை நான் ஒன்றாகச் சேர்ப்பேன். முக்காலியில் கை பட்டால் நட்சத்திரங்கள் புழுவாய் நெளியும், அவற்றை ஒதுக்கிவிடுவேன்.

வீட்டுக்குள் உட்கார்ந்தே எடுக்கலாம். நீ கேட்டால்தானே? வால்நட்சத்திரம் வந்த வாரம், பொழுது சாய்ந்ததும் பின்பக்கம் போய் நின்றுகொள்வாய். "அது நமக்காக நிக்காதுலா, நாமதான் நிக்கணும்" என்பாய்.

அந்த வாரம் வந்த படங்களில் பாதிக்குமேல் குப்பை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. தினமும் போன் போட்டுத் திட்டினேன்.

"கைய எடுடி. எத்தன தடவ சொல்றது?"

"சும்மா புடிச்சேன்லா. நாளைக்கு நேரா வரும் பாரு."

அடுத்த மாதம் குளியலறையில் விழுந்தாய். எழுந்திருக்கவில்லை.

நேற்று உன் மகள் கிளம்பும்போது சொன்னாள்: "அம்மாவுக்குத் தல சுத்திக்கிட்டே இருந்திருக்கு ஆன்ட்டி. யார்கிட்டயும் சொல்லல. பின்னால நிக்கிறப்ப இந்த முக்காலிக் கம்பியப் புடிச்சிக்கிட்டேதான் நிப்பாங்களாம். பக்கத்து வீட்டுல இப்பதான் சொல்றாங்க."

அவள் போனதும் ஒதுக்கிய படங்களைத் திறந்தேன். கருவி வந்த ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. போகப் போகக் கூடிக்கொண்டே வந்திருந்தன. நீ எப்போதெல்லாம் தள்ளாடினாய் என்பது தேதியோடும் நேரத்தோடும் என்னிடம் இருந்திருக்கிறது. பார்த்தவள் நான் ஒருத்திதான். திட்டியவளும் நான்தான்.

இரவு முழுக்க அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெளிந்த ஒவ்வொரு கோட்டிலும் நீ எதையோ பற்றிக்கொள்ளத் தேடுகிறாய். கண்ணை மூடினாலும் அந்தக் கோடுகள் போகவில்லை.

வால்நட்சத்திரப் படத்தை உங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறார்களாம். பார்க்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு தெளிவு என்கிறார்களாம். உன் மகள் பெருமையாகச் சொன்னாள். இந்த மற்ற படங்களைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையை எடு என்று உன்னிடம் அத்தனை தடவை சொன்னேன். உட்காருடி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.