குழிக்குப் பக்கத்து வீடு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மகளின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் மூட்டுவலி குறைந்ததா? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் ஒரு வேடிக்கை. நிலம் எப்படி மாறுகிறது என்று ஏழாம் வகுப்புக்கு நடத்த, செயற்கைக்கோள் வரைபடத்தைத் திரையில் போட்டேன். ஆண்டை மாற்றினால் அந்த ஆண்டின் படம் வரும். "டீச்சர், உங்க வீட்டைக் காட்டுங்க!" என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். கூச்சத்தோடு காட்டினேன். நான் கல்லூரிக்குக் கிளம்பிய ஆண்டில் வீட்டுக்குப் பின்னால் குன்று முழுதாக இருந்தது. இந்த ஆண்டின் படத்தில் கல்குவாரிக் குழி நம் துவைகல் வரை வந்துவிட்டது.

"எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருக்கு!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"இப்ப அங்க யாரும் இல்லல்ல, டீச்சர்?" என்று முன்பெஞ்சுக்காரி கேட்டாள்.

இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

அம்மா, போன வாரம் போனில் டமாரென்று கேட்டபோது "காத்துல கதவு சாத்துச்சுடி" என்றாயே, அது குவாரி வெடிதானே? இங்கே தெருவில் லாரி போனாலே எழுந்து சுவரைப் பார்க்கிறேன்.

பின்சுவரைப் படமெடுத்து அனுப்புங்கள். விரிசல் இருந்தால் காலண்டரை மாட்டி மறைக்காதீர்கள். கட்டிலை இன்றே முன்னறைக்கு மாற்றிவிடுங்கள். வரும்போது என் பழைய போர்வையை எடுத்து வாருங்கள்.

ஆமாம், வரும்போது. என் அறை சின்னதுதான். ஆனாலும் பாய்களை விரித்துப் பார்த்துவிட்டேன், மூன்று பேர் படுக்கலாம்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் சின்னவள்