ஊருக்கு முதுகு காட்டிய ஸ்டேஷன்

இன்று காலை வீட்டுக்குள் மாம்பழ வாசம் வந்தது, மாம்பழம் வரவில்லை. உன் வீட்டுக்காரர்தான் வந்தார். இரண்டு கையாலும் ஒரு மாம்பழப் பெட்டியை ஏந்திக்கொண்டு, குனிந்து செருப்பைக் கழற்றவும் முடியாமல், காலாலேயே உதறிவிட்டு உள்ளே நுழைந்தார். சாமல்பட்டியிலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பஸ் மாறி மாறி வந்த மனிதர், வழியில் ஓரிடத்திலும் பெட்டியைக் கீழே வைக்கவில்லையாம். “டீ கூட குடிக்கலக்கா. எந்தக் கையில குடிக்கிறது?” என்றார். நான் முதலில் டீயைப் போட்டுக் கொடுத்தேன்.

பெட்டிக்குள் வைக்கோல். பழத்துக்குப் பரப்புகிற மாதிரியே பதமாகப் பரப்பியிருந்தார். விலக்கிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் ஒரு ஓட்டுக்கூரை. அதை மெல்லத் தூக்கும்போது, பழ வாசத்தோடு சேர்ந்து அந்த பிளாஸ்டிக் வாசமும் மூக்கில் ஏறியது. கம்பெனியிலிருந்து திரும்பும்போது உன் துப்பட்டாவில் இருக்குமே, அதே வாசம். அழுதேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“கடைசியா செஞ்சது இதான்கா. முடிச்சிட்டுத்தான் போனா,” என்றார் உன் வீட்டுக்காரர். “உங்க தெருவுல சேத்து வெக்கணுமாம். சேந்ததும் நான் கண்ணால பாத்துட்டுத்தான் ஊருக்குத் திரும்பணுமாம். ஒரு கல்லக்கூட பேர்க்கக் கூடாதாம். கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கிட்டா.”

நான் பெரிதாகத் தலையாட்டினேன். அதிலென்ன கஷ்டம்? பதினோரு கட்டடம் சேர்த்தவர்கள் நாம். பன்னிரண்டாவது சேராமலா போகும் என்று நினைத்தேன். உன்னைப் பற்றித் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

மத்திகிரியில் நாம் அடுத்தடுத்துக் குடியிருந்த, நான் இன்னும் இருக்கிற இந்த லைன் வீடு நினைவிருக்கிறதா? ஒரே வரிசையில் எட்டு வீடு, நடுவில் எல்லாம் பொதுச்சுவர். உன் வீட்டு மிக்ஸி ஓடினால் என் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். நீ சாமல்பட்டிக்காரி, டூல்ரூமில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சு வெட்டுகிறவள். வார நாளெல்லாம் இங்கே, லீவு நாளில் ஊருக்கு, வீட்டுக்காரரிடமும் நிலத்திடமும். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே வாய். வீட்டுக்காரம்மா கன்னடத்தில், “நிம்ம மாத்து முகியோதே இல்லவா?” என்று கேட்டுக்கொண்டே துணி காயப்போடுவார். நம் பேச்சு முடியவே முடியாதா என்று அவருக்குக் கவலை.

என் மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது பரண்மேல் இரண்டு வாளி நிறைய பொம்மைக் கற்களை விட்டுவிட்டுப் போனான். ஒன்றின் தலையில் இருக்கும் குமிழ் இன்னொன்றின் அடியில் டக்கென்று பொருந்துமே, அந்தக் கற்கள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இறக்கினேன். நீ ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். “இந்த அச்ச வெட்டினவன் கைக்குத் தங்க வளையல் போடணும்டி,” என்றாய். அன்றைக்குச் சோறு வடிக்க மறந்துபோனோம். சாயங்காலம் என் தரையில் ஒரு டீக்கடை நின்றது.

அடுத்த லீவில் நான் ஒரு தையற்கடை கட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல்லு வரிசை மாதிரி கோணல். ஒன்று முன்னால் துருத்தியது, ஒன்று பின்னால் போனது. அப்போதுதான் நீ விதி வேண்டும் என்றாய். யார் எதைக் கட்டினாலும் எதன் பக்கத்திலும் சேர வேண்டும். இன்றைக்கு டீக்கடைக்குப் பக்கத்தில் தையற்கடை, நாளைக்கு இடம் மாற்றித் தபால் ஆபீஸ். அதற்கு ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அடிப்பலகை எல்லாருக்கும் ஒரே அளவு, பக்கத்துக்கு முப்பத்திரண்டு குமிழ். முன்னால் நின்று பார்த்தால் இடது பக்கத்தின் நட்டநடுவில் வெளியே நீட்டிய ஒரு முளை, வலது பக்கத்தின் நட்டநடுவில் ஒரு துளை. இவள் முளை அவள் துளையில் போய் உட்கார வேண்டும். தெருவை அடுக்குகிற மேஜை சுவரை ஒட்டிக் கிடப்பதால் கட்டடத்தின் பின்பக்கம் வெறுஞ்சுவராக இருந்தால் போதும். கூரையையும் மாடியையும் தனித்தனியாகத் தூக்க வரவேண்டும்.

நான் கல்லை மிச்சம் பிடிக்கலாமே என்று, இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவராகப் போட்டுவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. “போதும்டி பொதுச்சுவரு. உன் வூட்டுக்காரரு குறட்டைய நான் கேக்கறேன், என் வூட்டு பாட்ட நீ கேக்கற. நம்ம தெருவுலயாச்சும் ஆளுக்கொரு சுவரு இருக்கட்டும். தனியா நிக்கத் தெரிஞ்சதுதான் சேந்தும் நிக்கும்,” என்றாய். சொல்லிவிட்டு வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாய். பெரிய விஷயம் சொன்ன நினைப்பே உனக்கில்லை.

ஆனால் விதி போட்ட நீதான் விதியை மீறுகிறவள். வேண்டுமென்று இல்லை, உன் தொழில் அப்படி. அச்சில் வெட்டுவதெல்லாம் தலைகீழ். பொருளில் மேடாக வருவதை நீ பள்ளமாகத் தோண்ட வேண்டும், வலதில் வருவதை இடதில் வெட்ட வேண்டும். அத்தனை வருஷம் எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் பார்க்கிற மாதிரியே பார்த்துப் பழகிய கண். முதல் டீக்கடைக்குச் சின்னச் சின்னக் கற்களை வைத்து ‘டீ’ என்று பலகை எழுதினாயே, வலமிருந்து இடமாக அது திரும்பி நின்றது. நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரம்மாவே எட்டிப் பார்த்தார். நீ கொஞ்சமும் அசராமல், “எதிர்க்கடைக் கண்ணாடியில பாரு, சரியாத் தெரியும்,” என்றாய்.

நான் விடுகிறவளா? கம்பெனியில் கழிக்கிற பீஸில் ஒட்டுவோமே, அதே மாதிரி வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டேன். நீ கட்டடம் கொண்டுவந்தால் ஸ்கேலோடு உட்காருவேன். சைக்கிள் கடைக்கு மாடிப்படி மாறியிருந்தது, சிவப்பு. மெஸ்ஸுக்குக் கதவு உள்பக்கம் திறக்காமல் இடித்தது, சிவப்பு. பேர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு, “ஏம்மா செவப்பு ஸ்டிக்கர், குழம்பு இருக்குதா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாய். ஒருநாள் மட்டும் உனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தபால் ஆபீஸின் உத்தரம் ஒரு கல் உயரம் கூடிப்போயிற்று என்று நான் ஒட்டியபோது ஸ்டிக்கரைப் பிய்த்து என் நெற்றியிலேயே ஒட்டினாய். “எடுத்த ஒடனே பீசுதான் தப்புன்னு எழுதறியே. பீசு தப்பா, டிராயிங்கு தப்பான்னு மொதல்ல பாருடி,” என்றாய். அளந்து பார்த்தால் தப்பு நான் போட்ட வரைபடக் கணக்கில்தான். பொட்டு மாதிரி அந்த ஸ்டிக்கரோடேயே அன்று உனக்குத் தோசை சுட்டேன்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. வேலையை விட்டு ஊருக்குப் போனாய். போகும்போது ஒரு வாளிக் கல்லையும் ஒரு அடிப்பலகையையும் கேட்டு வாங்கிக்கொண்டாய். போனில் பேசும்போதெல்லாம் மருந்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. “சிவப்பு ரெடியா வெச்சிக்க, நான் ஒண்ணு பெருசா கட்டறேன்,” என்பாய். என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கடைசிப் போனிலும் சிரித்தபடிதான் வைத்தாய்.

இன்று பார்த்துவிட்டேன். சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷன். ஓட்டுக்கூரை, பிளாட்பாரம், அதில் ஒரே ஒரு பச்சை பெஞ்சு, பெஞ்சுக்கு நேர் மேலே வட்டக் கடிகாரம். ஊர்ப்பேர் பலகையும் இருந்தது. மஞ்சள் கல்லில் கறுப்புக் கல் பதித்து, ஒரு எழுத்துகூடத் திரும்பாமல். “கண்ணாடிய வெச்சி வெச்சி பாத்து எழுதினாக்கா, நாலு தடவ பிரிச்சா,” என்றார் உன் வீட்டுக்காரர். அந்தப் பெஞ்சும் கடிகாரமும் என்னவென்று எனக்குத் தெரியாதா? எத்தனை முறை சொல்லியிருப்பாய். சேலத்துக்கு டிப்ளமோ படிக்கப் போகையில் தினம் அந்தப் பெஞ்சில் நீ உட்கார்ந்திருப்பாய், பால் கேனோடு ஒருத்தர் வந்து எட்ட நிற்பார். ஒருநாள் தைரியம் வந்து, கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, உன்னிடம் டைம் என்ன என்று கேட்டார். நீ நிமிராமலேயே, “மேல பாருங்க,” என்றாய். அவ்வளவுதான் உங்கள் காதல் கதை.

மேஜையின் ஒரு கோடியில் தபால் ஆபீஸ் முடிகிற இடத்தில் உன் ஸ்டேஷனைக் கொண்டுபோய் வைத்தேன். தள்ளினேன். சேரவில்லை. இன்னொரு தரம் தள்ளினேன். குனிந்து பார்த்தால் தபால் ஆபீஸின் வலது பக்கம் துளை, உன் ஸ்டேஷனின் இடது பக்கமும் துளை. முளை அந்தப் பக்கம், வலதில், வெற்றிடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அடிப் பாவி! எழுத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்தவள், முளையில் கோட்டை விட்டுவிட்டாய். கடைசிக் கட்டடத்தையும் அச்சாகவே வெட்டியிருந்தாய்.

“இன்னாக்கா, சேரலயா?” என்றார் அவர். முகம் விழுந்துவிட்டது. முளை இருந்தது அடிவரிசையில். அதை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள சுவரையும் பிளாட்பாரத்தையும் பிரிக்க வேண்டும். நீ நாலு தடவை பிரித்துக் கட்டிய பலகையையும்தான். சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாய், நான் அவரிடம் என்ன சொல்வது? நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் அந்த வட்ட ஸ்டிக்கரை உன் மூக்கில் ஒட்டியிருப்பேன். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. சும்மா பக்கத்தில் ஒட்டி வைத்து, சேர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அந்த நேரத்தில் காதில் விழுந்தது உன் குரல்தான். பீசு தப்பா, டிராயிங்கு தப்பா? ஸ்டேஷனைத் தூக்கி அப்படியே அரைவட்டம் திருப்பினேன். இப்போது முளை இடது பக்கம் வந்தது. நட்டநடுவில்தானே வைத்திருக்கிறோம், திருப்பினாலும் நடு நடுதான். தள்ளினேன். டக். தபால் ஆபீஸும் ஸ்டேஷனும் ஒன்றாக நின்றன.

ஆனால் தெருவுக்கு இப்போது தெரிவது ஸ்டேஷனின் முதுகு. பெஞ்சும் கடிகாரமும் பேர்ப்பலகையும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. “சேந்துச்சு, ஆனா முகம் அந்தப் பக்கம் போயிருச்சே,” என்றேன், குற்றவாளி மாதிரி.

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் பார்த்தார். “நம்ம ஊர்லயும் அப்படித்தானக்கா? ரோட்டுல இருந்து பாத்தா டேசன் முதுகுதான தெரியும். டேசன் ஊரப் பாத்தா நிக்கும்? ரயிலப் பாத்து நிக்கும்,” என்றார்.

சிவப்பு ஸ்டிக்கர்க்காரிக்குத் தெரியாதது மாடு மேய்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ தெரிந்து செய்தாய் என்று மட்டும் நான் நம்ப மாட்டேன். தப்பாகத்தான் செய்தாய், எனக்குத் தெரியும் உன்னை. தப்பாகச் செய்து சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டாய்.

“அந்தக் கோடியப் பிடிங்க,” என்றேன். இரண்டு பேரும் மேஜையைச் சுவரிலிருந்து இழுத்தோம். ஒரு ஆள் போகிற அளவுக்கு இடம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் நம் தெருவின் பின்பக்கத்தை அப்போதுதான் பார்க்கிறேன். வரிசையாக வெறுஞ்சுவர், கடைசியில் உன் பிளாட்பாரம் மட்டும் வெளிச்சமாக. அவர் அந்தச் சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து, பெஞ்சின் உயரத்துக்குக் கண் வருகிற மாதிரி தரையில் குந்தினார். பிறகு, “டைம் என்னாச்சுக்கா?” என்றார்.

“மேல பாருங்க,” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது குடியிருக்கிற பெண் என்னவோ ஏதோ என்று வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவருக்குச் சோறு போட்டு, பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன். போகும்போது அவர் கை வீசிக்கொண்டு போனார்.

இப்போது பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கம்பெனியில் நேற்றுகூட ஒரு பை நிறைய பீஸைக் கழித்துவிட வேண்டிய இடத்தில் முதலில் டிராயிங்கை எடுத்துவரச் சொன்னேன், எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அது நீ என் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனது, இன்னும் உதிரவில்லை. பின்பக்கம் தண்டவாளம் போட வேண்டும், அதற்கு எதிரே ஒரு தெரு வேண்டும், ஸ்டேஷன் முகத்தைப் பார்த்து. கல் நிறைய இருக்கிறது.

நம் விதித்தாளின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘முன்பக்கம் எது என்பது கட்டினவர் முடிவு.’ டிராயிங்கில் போடுகிற மாதிரியே கீழே இரண்டு கட்டமும் போட்டேன். ‘திருத்தியவர்’ என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். ‘ஒப்புதல்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.