அருட்பிரகாசத்தாரின் பங்கருக்கு நான் வைத்த கையெழுத்து

சிவமயம்

அச்சுவேலி,
12.08.1992.

அன்பு மகள் குணலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடும் முற்றத்து மாமரமும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். நீயும் மருமகனும் பேரனும் அங்கே சுகமாக இருக்க அவரைத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ மாசியில் எழுதிய கடிதம் ஆடிக் கடைசியில்தான் கைக்கு வந்தது. பேரனைப் பள்ளிக்கூடத்தால் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடக் கூட்டிப் போக, விழுந்து கை கால் முறிந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று உன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், இப்படியும் ஒரு ஊர் உண்டோ என்றும் எழுதிச் சிரித்திருந்தாய். சிரியாதே பிள்ளை. நானும் அப்படி ஒரு கடதாசிக்குக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பங்கருக்குப் போறியளோ இல்லையோ, அதை மட்டும் எழுதுங்கோ, எனக்கு நித்திரையில்லை என்று கடைசியில் கேட்டிருந்தாய், அதற்கும் பதில் இதற்குள்ளேயே வரும், அந்தரப்படாமல் வாசி.

நம் வளவில் பங்கர் இல்லை, பதுங்குகுழி வெட்ட ஆளும் இல்லை. பங்குனியில் நான் கொடிகாமத்தில் தங்கச்சி வீட்டு அந்தியேட்டிச் சடங்குக்குப் போய்ப் பத்து நாள் நின்று வர, பக்கத்து வீட்டு அருட்பிரகாசத்தார் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு முடித்திருந்தார். அவர் மனிசி பூரணத்தின் சேலையெல்லாம் மூட்டையாகிவிட்டது, பாவம், அவள் இப்போது இரண்டே சேலையை மாற்றி மாற்றிக் கட்டுகிறாள். அந்த மனிசனுக்கும் எனக்கும் உள்ள கோபம் உனக்குத் தெரியும். நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. 1968 தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, வீடு கட்டச் சுண்ணாம்பு நீற்றவென்று கிடங்கு வெட்டி மூடாமல் விட்டார், நம் வெள்ளைச்சுட்டி ஆடு சினையோடு அதற்குள் விழுந்து கால் முறிந்தது. இணக்கசபைக்கு இழுத்தேன், சபை நடுவில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வழக்குக் கோட்டில் கிளாக்கராய் இருந்த மனிசனுக்கு அது பெரிய அவமானம். அன்றோடு கதை நின்றது. இருபத்துநாலு வருசமாக, நேருக்கு நேர் நின்றாலும், பூரணம், உன்ரை மனிசனுக்குச் சொல்லு என்று நானும், பூரணம், அவவுக்குச் சொல்லு என்று அவரும். அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து நோகிறது என்கிறாள்.

பூரணம் நல்லவள், குண்டு போடுற பொம்பர் வந்தால் ஓடி வாங்கோ அக்கா என்றாள். அவர் விடவில்லை. ஆடு விழுந்ததுக்கே சபைக்கு இழுத்தவ, தான் விழுந்தால் சும்மா விடுவாவோ, கையெழுத்து வைச்சுப்போட்டு வரட்டும் என்று சொல்லி முழுநீளத் தாளில் எழுதிக்கொடுத்து விட்டார். தங்கமுத்து ஆகிய நான் மேற்படி பதுங்கு குழியினுள் பிரவேசிக்குங்கால் பாம்பு, தேள், மண்சரிவு, மூச்சடைப்பு ஆகியவற்றால் நேரும் எவ்வித சேதத்துக்கும் காணிச் சொந்தக்காரர் பொறுப்பாளியல்லர் என்று எழுத்து முத்துமுத்தாக. நான் மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு பகல் போனது. பூரணம், எல்லாம் கிடக்கு, குண்டைக் காணேல்லையே என்று கேட்டுவிட்டேன். குண்டு போடுறவன்தான் குண்டுக்குப் பொறுப்பு, அது எனக்குத் தெரியாதோ என்று பதில் வந்தது. ஆட்டுக்கு மன்னிப்புக் கேட்ட ஆளின்ரை கிடங்குக்கு நான் கையெழுத்து வைக்கிறதோ என்று தாளை முகட்டில் செருகிவிட்டேன். பிறகு இரண்டு தரம் பொம்பர் வந்தது, இரண்டு தரமும் மாமரத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். நீ ஏசுவாய் என்று தெரியும், ஏசு.

போன வெள்ளிக்கிழமை காலமை மூன்றாம் தரம் வந்தது. வடக்கே எங்கேயோ விழுந்து நம் வீட்டு ஓடு நாலு சொரிந்தது. பொம்பர் திரும்பவும் தாழப் பதியச் சுற்றுகிறது, பார்த்தால் வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் அருட்பிரகாசத்தார் தவண்டு வருகிறார், ஒரு கையில் பேனை, மற்றக் கையில் புதுத்தாள். எழுபத்தொரு வயது, மூச்சுத் தொய்வுக்காரன், உடுத்த சறத்தில் முள்ளுக் கொழுவிக் கிழிந்து கிடக்கிறது. பூரணம் பங்கருக்குள் இருந்து குளறுகிறாள், நடுவில் நின்று சொல்ல ஆளில்லை. மனிசன் என்னைப் பார்க்கவில்லை, வேலியில் நின்ற பூவரசம் கதியாலைப் பார்த்து, கையெழுத்தை வைச்சுப்போட்டு வரச் சொல்லு, குண்டு விழப்போகுது என்கிறார். நானும் பூவரசுக்குத்தான் சொன்னேன், முதல் அந்தாளை உள்ளுக்கை போகச் சொல்லு எண்டு. வைச்சால்தான் போவன் எண்டு சொல்லு என்கிறார். மூச்சு விசிலடிக்கிறது. இந்தக் கிழவன் என் முற்றத்தில் செத்தால் அந்தப் பழியும் எனக்கல்லவோ, அதனால் தாளைப் பறித்து அவர் முதுகில் வைத்தே கையெழுத்தைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். அவர் தாளை ஊதிக் காயவைத்துக்கொண்டே ஓடினார்.

உள்ளே இருட்டு. சுவரைத் தடவ என் கையில் ஒரு வேர் பட்டது, கத்தியால் வெட்டிய வேர். கீறி மணந்து பார்த்தேன், நம் மாமரம். இந்த வருசம் அது ஏன் ஒரு பக்கம் வாடியது என்று அப்போதுதான் விளங்கியது. பொம்பர் மேலே இரைய நான் முழம் போட்டேன். வெளியே பங்கர் வாசலில் இருந்து வேலி வரைக்கும் மூன்று முழம், எனக்கு மனப்பாடம். உள்ளே அதே பக்கமாக ஆறு முழம் போகிறது. நான் இருந்த இடம் என்ரை காணி பிள்ளை! பொம்பர் போனதும் பூரணத்தையும் பார்க்காமல், பூவரசையும் தேடாமல், நேரே கேட்டேன், அண்ணை, என்ரை காணிக்கை இருக்கிறதுக்கோ என்னட்டைக் கையெழுத்து வாங்கினனீங்கள் எண்டு. மனிசன் அந்த வேரைத் தடவிப் பார்த்தார். பிறகு, அங்காலை கல்லுத் தட்டிச்சுது தங்கமுத்து, அதுதான் இஞ்சாலை திருப்பினனான் என்றார். பூரணம் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

நான் விடவில்லை. வெளியே வந்ததும் அங்கேயே புதுக் கடதாசி எழுதுவித்தேன். மூன்று முழத்துக்கும் வழக்கு இருக்கிறது, ஆனால் மண்ணை மூடினால் மூன்று பேருக்கும் ஒளிக்க இடமில்லை, அதனால் பொம்பர் நின்ற பிறகுதான் அளப்பது, அதுவரைக்கும் வாதியும் எதிரியும் உயிரோடு இருக்கவேண்டும், ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்று. பொறுப்பில்லை என்று எழுதிப் பழகின கை, அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் எழுதியது. இரண்டு பேரும் கையெழுத்து, பூரணம் சாட்சி. பழைய தாள் அடுப்புக்குப் போனது. இப்போது சத்தம் கேட்டால், தங்கமுத்து வா எண்டு நேரே கூப்பிடுகிறார். நான் போகிறேன். நீ நித்திரை கொள்.

பேரனுக்குத் தலைக்கு எண்ணெய் வை, சறுக்க விடு, ஆனால் காலுறை இரண்டு போட்டு விடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்கப் பிள்ளையார் துணை. ஒன்றை மட்டும் மறவாதே, கொழும்புக்கு வருகிற ஆரிடமாவது தையல்காரர் வைத்திருக்கிற அளவு நாடா ஒன்று கொடுத்துவிடு. முழக்கணக்கை அந்த மனிசன் ஒப்புக்கொள்ள மாட்டார். எப்போது அளப்போம் என்று தெரியாது, ஆனால் நாடா வந்துவிட்டது என்று சொன்னால் அதைப் பார்க்கவென்றாவது இருப்பார், அவரைத் தோற்கடிக்கவென்று நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
சொந்தக் காணிக்குள் பத்திரமாக இருக்கும் உன் அம்மா,
மா. தங்கமுத்து