பாறையில் எடுத்த விதைப்பாசி

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடு. பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் உனக்குப் பசியே தெரியாது. இங்கே உன் அத்தானுக்கு முதுகுவலி தேவலை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

நேற்று நீ போனில் விஷயத்தைச் சொன்னதும் நான் "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது" என்றேனே, அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்திருப்பாய். அப்போது, கடலில் பாசி வளர்க்கக் கயிற்றில் விதைத்துண்டு கட்டுகிற கொட்டகையில் இருந்தேன். குழுப் பெண்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு என்னத்தைச் சொல்வேன்? நான் சொன்னதுதான் சரியென்று உன் ஆய்விலும் வந்துவிட்டதாக நினைத்து, போனை வைப்பதற்குள் ஒரே கைதட்டல். பக்கத்து வீட்டு 'ரேடியோ' அக்கா தெருமுனை போவதற்குள் ஊருக்கே ஒலிபரப்பிவிட்டாள்.

போன தடவை பாசியெல்லாம் நுனி வெளுத்து அழுகி உதிர்ந்ததே, அப்போது நான்தான் பெரிய மனுஷி மாதிரி பேசினேன். ஒரே செடியை ஒடித்து ஒடித்துக் கட்டுகிறோம், அதனால்தான் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வருகிறது, பாறையில் தானாக முளைத்தது வேறு வம்சம், அது தாங்கும் என்றேன். உனக்குச் சோதிக்க ஒரு துண்டு அனுப்பிவிட்டு, மீதியை வழித்து வந்து எல்லோருக்கும் விதையாகப் பங்கு போட்டதும் நான்தான். உன் முடிவு வரட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லை.

இப்போது நீ, பாறையில் இருப்பதும் கயிற்றில் இருப்பதும் மரபணுவில் அச்சு அசலாக ஒன்றுதான் என்கிறாய். எப்படி என்று கேட்டாயே, ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தேன். அறுவடை முடிந்ததும் கயிற்றை அந்தப் பாறையில்தான் அடித்து உதறுவோம். உதிர்ந்த துண்டெல்லாம் அங்கேயே ஒட்டி வளர்ந்திருக்கிறது. சொந்தம் வேண்டாம், அசலில் பெண் எடுக்கிறோம் என்று போய் நம் வீட்டுப் பெண்ணையே கட்டி வந்திருக்கிறோம்!

இன்று காலை என் கயிற்றில் ஒரு நுனி வெளுத்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் கிள்ளி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மீதிக் கயிறுகளையும் இதே விதையில் கட்டப் போகிறார்கள். அதற்குள் சொல்லிவிட்டால் வேறு கரையிலிருந்து வேறு விதை வாங்கலாம். சொல்லாவிட்டால் எல்லோர் பிழைப்பும் போச்சு.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் யாராவது கையில் டீயைக் கொடுத்துப் புகழ ஆரம்பிக்கிறார்கள். மாமியாரே என்னை மெச்சுகிறார், இது எந்தக் காலத்தில் நடந்தது! தனியாகப் பேச ஓரிடம் இல்லை. இதையே குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். பயமாக இருக்கிறதடி.

இது கைக்குக் கிடைத்ததும் போன் போடு. நான் எடுத்தால் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். திட்டாதே, சும்மா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிரு. எடுக்காவிட்டால் அன்றைக்கே பஸ் ஏறி வா. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதே. எல்லோர் முன்னாலும் சொல். நான் இல்லையென்று சாதித்தாலும் விடாதே, சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா